ஒன்றரை முழ மெஷின்

பொத்தானை அமுக்கிய கையோடு ஜெயபாய் அக்கா பைக்குள் துழாவி வாழைநாரை எடுத்துவிடுவார். மடியில் ஓர் ஈரத்துணி விரியும்; துணிக்குள் பிச்சி மொட்டுகள். பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டதும் முதல் கண்ணி விழும். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி, மேகப் படம் வந்து, மணற்கடிகாரம் தோன்றி மறைகிறவரை விரல்கள் நிற்பதில்லை. அம்புக்குறி மட்டும் தனியாக நின்றதும் நாரை முடிச்சுப் போட்டு, கட்டிய சரத்தை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நோய் என்னவென்று வாயைத் திறப்பார்.

"அரை முழம். பரவால்ல, பிழைச்சுக்கிடும்."

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் உள்ள பாதிக் கம்ப்யூட்டர்களை அக்காவுக்குப் பூவின் நீளத்தில்தான் தெரியும். மாவட்டத்திலேயே வேகமானது ஒரு வக்கீல் வீட்டில் இருப்பது. கால் முழம்கூட வராது. முக்கால் முழத்தைத் தாண்டினால் முகம் சுளிப்பார். ஒரு முழம் என்றால் உரிமையாளரைத் திட்டுவார்.

பூ அவருக்காக அல்ல. அவர் போகிற கிறிஸ்தவ சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. அடுத்த வீட்டுச் சுடலையம்மாளுக்குப் பேருந்து நிலையத்தில் பூக்கடை. காலையில் மொட்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் திரும்பும்போது கட்டியதைக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். "அது எந்திரிக்கிற வரைக்கும் அது மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் நிலையம் இருக்கிறது. மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் அங்கே தட்டச்சு செய்கிறேன். அக்கா முன்பு தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர். மகள் கல்லூரிக்குப் போன வருடம் அவரும் மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தார். ஒருநாளில் பாதி நேரம் அவர் நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். "மெஷின் மெதுவாயிருச்சு" என்று எங்கிருந்தாவது போன் வந்துவிடும், செருப்பை மாட்டிவிடுவார்.

பெட்டியைக் கழற்ற மாட்டார். திருப்புளியைக் கையால் தொடமாட்டார். "உள்ள ஏதும் பழுதுன்னா மதுரையில இருந்து ஆள் வரணும். நான் பாக்கது பழக்கத்த மட்டுந்தான்" என்பார். வீட்டுக்காரர் ஞானதுரை நூற்பாலையில் ஃபிட்டர். அவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "ஊர்ல உள்ள மெஷினோட பழக்கமெல்லாம் திருந்திருச்சு. எங்க வீட்டு மிக்ஸி மட்டும் கத்திக்கிட்டே கெடக்கு."

அக்காவின் அகராதியில் கம்ப்யூட்டர் பெண், அச்சடிக்கும் எந்திரம் ஆண். "ஏட்டி, எந்திரி. விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு" என்று ஒன்றைத் தட்டுவார். காகிதத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் மற்றதைப் பார்த்து, "ஏலே, விடுலே. உன் அப்பன் வீட்டுப் பேப்பரா?" என்பார். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பத்திரிகைகளில் வருகிறதே என்று ஒரு கடைக்காரர் கவலைப்பட்டார். "ஒங்களுக்கென்ன அண்ணாச்சி கவலை, இது இப்பவே நின்னுதான இருக்கு" என்று அவருக்குப் பதில் கிடைத்தது.

எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாரு கை வெச்சது?"

கம்ப்யூட்டர் தானாகக் கெடாது என்பது அவர் கட்சி. வாங்கிய புதிதில் கால் முழத்தில் விழித்த மெஷின் வருடம் திரும்புவதற்குள் ஒரு முழம் கேட்கிறது என்றால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மருமகன் பாட்டுக் கேட்க ஒன்றைப் போட்டிருப்பான். விற்பனைக்கு வந்தவன் மாதிரிக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். அவற்றில் பல, மெஷின் கண் விழிக்கும்போதே, யாரும் கூப்பிடாமலே கூடவே எழுந்துகொள்ளும். அன்றைக்கு முழுவதும் அவற்றில் பாதிக்கு ஒரு வேலையும் இருக்காது. ஆனாலும் எழுந்து இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இதை விளக்க அவரிடம் ஒரே ஓர் உதாரணம் இருக்கிறது. "வத்திராயிருப்புல காலையில மொத பஸ் வருதுல்லா? அம்புட்டுப் பேரும் தேங்காச் சாக்கு, மாங்காக் கூடையோட வாசல்லயே நின்னா டிரைவரு எப்பிடி எடுப்பாரு? இப்பப் போக வேண்டியவன் ஏறட்டும். மத்தவன் பொறவு வரட்டும். ஊர விட்டா தொரத்துதோம்? வாசல்ல நிக்காதன்னுதான சொல்லுதோம்."

செய்வதும் அவ்வளவுதான். 'ஸ்டார்ட்' பொத்தானுக்குள் போய், 'ஸ்டார்ட்அப்' என்ற அறையைத் திறப்பார். மெஷின் எழும்போதே எழ வேண்டியவற்றின் குறிகள் அதற்குள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகக் காட்டி, "இது காலையிலேயே வேணுமா?" என்று முதலாளியிடம் கேட்பார். வேண்டாததை வெளியே எடுத்து வைப்பார். நிரலை அழிப்பதில்லை, வேண்டும்போது கையால் திறந்துகொள்ளலாம். வைரஸ் பார்க்கிறதை மட்டும் தொடமாட்டார். "வாட்ச்மேன் விடியும் முன்ன எந்திரிக்கணும்லா."

அவரிடம் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். தன் கையால் ஒரு தவறு நடந்தது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வத்திராயிருப்பில் பால்ச்சாமியின் அச்சகத்துக்கு ஒருமுறை போனோம். எடுத்து வைத்ததில் தமிழ் எழுத்து நிரலும் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் பால்ச்சாமி போனில் அலறினார்: "யம்மா, மாப்பிள்ள பேர அடிச்சா ஏபிசிடியா வருது! முகூர்த்தம் வெள்ளிக்கெழம!" அக்கா அசையவில்லை. "அத நீங்கதான தொறக்கணும். அம்புட்டையும் நானே வந்து தொறந்து விடணுமாக்கும்?" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மெஷின் சரியாத்தான் இருக்கு. அந்த ஆளுக்குத்தான் அவசரம்." அன்று மத்தியானமே, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவரே வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார்.

புரட்டாசி, ஐப்பசியில் அக்காவுக்கு வேறு ஒரு கிராக்கி வரும். இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜைக்குத் தறி, தராசு, கத்திரிக்கோலோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்துவிடுகிறார்கள். போன தடவை ஓர் அரிசி ஆலையில் பிளாப்பி போடுகிற வாய்க்குள் குங்குமம் கொட்டி, அதை அக்கா ஈர்க்குச்சியால் கிண்டி எடுத்தார். ஆனால் பெரிய சங்கடம் மறுநாள் விஜயதசமிக்குத்தான். நல்ல நேரம் முடிவதற்குள் தொழிலைத் தொட்டுத் தொடங்கிவிட வேண்டும். தறி என்றால் ஒரு சுற்று ஓட்டினால் போதும். கம்ப்யூட்டரிலோ கணக்கு ஒரு தொழில், கடிதம் ஒரு தொழில். ஒவ்வொன்றையும் திறந்து காட்டுவதற்குள் மணற்கடிகாரம் நின்று நின்று நல்ல நேரம் ஓடிவிடும். முதலாளிகளின் முகம் வாடிவிடும்.

ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற அக்காதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முந்தின நாளே எல்லா நிரல்களின் குறிகளையும் ஸ்டார்ட்அப் அறைக்குள் இழுத்துப் போட்டுவிடுவார். கூடவே என்னைத் தட்டச்சு செய்யச் சொல்லி, நடுவில் பெரிதாக 'லாபம்' என்று எழுதிய ஒரு பக்கம். மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி ஒரே ஒரு பொத்தானை அமுக்குவார். லாபம் முதலில் விரியும். பின்னாலேயே ஒவ்வொன்றாக, யாரும் தொடாமலே, எல்லாத் தொழிலும் திறந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். "நல்ல நேரத்துல வெச்சது. நான் வாற வரைக்கும் யாரும் கை வெக்காதீய" என்று சொல்லிவிட்டு வருவார். அடுத்த நாள் ஒரு சுற்றுப் போய், எல்லா இடத்திலும் அறையைக் காலிசெய்வார்.

இந்த மாசியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர் முதலாளி சௌந்தரபாண்டியன். மெஷின் படுத்துவிட்டது, அதை ஓட்டுகிற பெண்ணும் சரியில்லை, வந்து பார்த்துச் சொன்னால் மாதம் பிறந்ததும் இரண்டில் ஒன்றையாவது மாற்றிவிடலாம் என்றார். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி வருகிறதாம். அதைப் படிப்பதற்காக அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கம்பெனிக்குப் பின்னால் வெளுத்த துணி பாய் பாயாகக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே தறிகளின் தடதடப்பு. அலுவலக அறையில் பஞ்சுத்தூசி விசைப்பலகையின் இடுக்குகளில் நரை மாதிரி படிந்திருந்தது. கம்ப்யூட்டரின் நெற்றியில் பழைய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் பக்கத்தில், நாற்காலி இருந்தும் உட்காராமல், ஒரு பெண் நின்றாள். வேலுத்தாய். சுந்தரபாண்டியத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அவள் அம்மாவும் அக்காவும் இதே கம்பெனிக் களத்தில் வெயிலில் துணி காயப்போடுகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வந்தவள் இவள்தான்.

"யாரு கை வெச்சது?" என்றார் அக்கா, செருப்பை வாசலில் விட்டுக்கொண்டே.

"வேற யாரு? இவ ஒருத்திதான தொடுதா." பதில் சொன்னவர் கணக்குப்பிள்ளை சிவனாண்டி. "காலையில வந்ததும் சீட்டு ஆடுதாம்மா. என் கண்ணால பாத்தேன். தெனமும்."

"நான் தொறக்கல அண்ணாச்சி. அதுவா தொறக்குது" என்றாள் வேலுத்தாய். பலமுறை சொல்லி அலுத்த குரல்.

"அதுவா தொறக்குமாம்! என் பேனா என்னைக்காவது அதுவா எழுதியிருக்கா?"

முதலாளி இரண்டு பக்கமும் பேசவில்லை. அக்காவைப் பார்த்தார். "கரண்டு போயிப் போயி வருது. வந்தப் பொறவு இது எந்திரிக்கவே ஒரு யுகம் ஆகுது. லாரிக்காரன் பில்லுக்குக் காத்துக் கெடக்கான். பிள்ள மந்தமா, மெஷின் மந்தமான்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். நார் வந்தது, துணி விரிந்தது. கண்ணி மேல் கண்ணியாகப் பூ நீண்டது. சரியாக அணைக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் வந்ததைப் படித்துச் சொன்னேன்; கரண்டு போனால் வருவதுதான் என்றார். மேகப் படம் வந்து நின்றது. மணற்கடிகாரம் வந்து நின்றது. அரை முழம் ஆயிற்று. அக்காவின் புருவம் ஏறியது. ஒரு முழம். ஒன்றரை முழமாகி, சரத்தின் நுனி மடியிலிருந்து நழுவித் தொங்கியது. அப்போதுதான் திரையில் முதல் பக்கம் விரிந்தது.

நடுவில் பெரிதாக, நான் அடித்த எழுத்துகளில், 'லாபம்'.

முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பூசைக்கு வெச்சது. அதுக்கு ஒரு கொறையும் இல்ல, நாள் தவறாம வந்துருது."

அக்காவின் கையிலிருந்து ஒரு மொட்டு தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. லாபத்தின் மேல் கணக்கு விரிந்தது. கணக்கின் மேல் கடிதம். அதன் மேல் படம் வரைகிறது, கூட்டிக் கழிக்கிறது, பாட்டுப் போடுகிறது. கடைசியாகப் பச்சைத் துணி விரித்தாற்போல் சீட்டுக்கட்டு வந்து தானாகப் பரத்திக்கொண்டது.

"பாத்தீயளா! பாத்தீயளா!" என்றார் சிவனாண்டி. யாரும் தொடாமல் அது திறந்ததையும் அவர் பார்த்துவிட்டிருந்தார்; குரலை மட்டும் இறக்கவில்லை. "அதுவா தொறக்குற மாதிரி இவளே செஞ்சு வெச்சிருக்கா. படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதாக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். விஜயதசமிக்கு மறுநாள் இங்கே வந்து அறையைக் காலிசெய்திருக்க வேண்டும்; அன்றைக்கு நல்ல மழை. ராஜபாளையம் பஸ் பாதியில் நின்று, நாங்கள் இருவரும் நனைந்துகொண்டு திரும்பினோம். அடுத்த நாள் போகலாம் என்றார். அதற்கடுத்த நாள் வேறு எங்கோ மெஷின் மெதுவாகிவிட்டது.

அவர் வேலுத்தாயின் பக்கம் திரும்பினார். குரல் வழக்கம்போலத்தான் அதட்டலாக வந்தது. "ஏட்டி, இத வெளிய எடுக்க உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"பொறவு ஏன் எடுக்கல?"

வேலுத்தாய் முதலாளியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்கதானக்கா யாரும் கை வெக்காதீயன்னு சொல்லிட்டுப் போனீய. மொதலாளியும் தொடாதன்னுட்டாவ. நான் தெனமும் காலையில ஒண்ணொண்ணா மூடிட்டுத்தான் பில்லு அடிக்கேன். கடைசியில சீட்ட மூடுறதுக்குள்ள இவிய வந்துருதாவ."

அக்காவிடமிருந்து 'மெஷின் சரியாத்தான் இருக்கு' என்ற வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். சீட்டுக்கட்டை எடுத்துவிட்டு, புத்திசொல்லிவிட்டு, நாங்கள் பஸ் ஏறியிருக்கலாம். மாதம் பிறந்ததும் அந்த நாற்காலிக்கு வேறு யாராவது வந்திருப்பார்கள்.

அக்கா சரத்தை மடியில் வைத்தார்.

"என் கைதான் அண்ணாச்சி."

"என்னது?" என்றார் முதலாளி.

"யாரு கை வெச்சதுன்னு கேட்டம்லா, என் கைதான். நான்தான் அம்புட்டையும் உள்ள போட்டேன். மறுநா வந்து எடுத்திருக்கணும். மறந்துட்டேன். இந்தப் பிள்ள என் பேச்ச மதிச்சு, ஐப்பசியில இருந்து ஏச்சு வாங்கிக்கிட்டு நிக்கு."

"அப்பச் சீட்டு?" என்றார் சிவனாண்டி, விடாமல்.

"அதுவும் நான்தான். 'மெஷின்ல உள்ளது ஒண்ணையும் விட்டுறாதீய'ன்னு அண்ணாச்சிதான சொன்னாவ. ஒங்க மொதலாளிக்குச் சீட்டுலயும் லாபம் வரட்டுமேன்னு போட்டேன்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவனாண்டி திடீரென்று பேரேட்டில் எதையோ தேட ஆரம்பித்தார். சிரித்து முடித்தபின் முதலாளியின் முகத்தில் பழைய கவலை திரும்பியது. "சரி, எடுத்துருதீயளா? இல்ல… நல்ல நேரத்துல உள்ள போனது. வெளிய எடுக்கலாமா?"

"ஆயுத பூசைக்குச் சாமி முன்னால கத்திரிக்கோல் வெச்சீயல்லா? அது இன்னும் அங்கயா இருக்கு?"

"மறுநாளே எடுத்தாச்சே. துணி வெட்டணும்லா?"

"லாபம் கொறைஞ்சுதா?"

முதலாளி யோசித்தார். பிறகு, எடுங்கள் என்று தலையை ஆட்டினார்.

அடுத்து அக்கா செய்ததை அதுவரை எந்த அலுவலகத்திலும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காரு" என்றார் வேலுத்தாயிடம். "உனக்குத் தெரியும்னியே. நீயே எடு. காலையிலேயே எது வேணும்னு சொல்லு, அத மட்டும் விட்ருவோம். கணக்கு இருக்கட்டுமா?"

வேலுத்தாய் உட்கார்ந்தாள். முதலில் லாபத்தை வெளியே எடுத்து, முதலாளி பார்க்கும்படி திரையின் மேல்மூலையில் தனியாக வைத்தாள். பிறகு மற்றவற்றை. சீட்டுக்கட்டைத் தொடும்போது ஒரு கணம் சிவனாண்டியின் பக்கம் பார்த்தாள். அவர் பேரேட்டைவிட்டு நிமிரவில்லை. கணக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. அதையும் வெளியே இழுத்தாள். வைரஸ் பார்க்கிறது ஒன்றுதான் உள்ளே தனித்து நின்றது.

"ஒண்ணும் வேணாம்க்கா" என்றாள். "நானே தொறந்துக்கிடுதேன்."

முதலாளி வாசலுக்குப் போகிற வழியில் நின்று, "லாரிக்காரனுக்குப் பில்லப் போட்டுரு தாயி. நாளைக்குள்ளதுக்கும் சேத்து எடுத்து வெச்சுரு" என்றார். மாதம் பிறப்பதைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

மெஷினை அணைத்துவிட்டு மறுபடியும் பொத்தானை அமுக்கியது வேலுத்தாய். அக்கா நின்றபடியே புது நாரை எடுத்தார். விசிறி சுற்றியது. எழுத்து ஓடியது. மேகம் வந்தது, மணற்கடிகாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அம்புக்குறி தனியாக நின்றது. அக்காவின் கையில் இருந்தது ஒரு சாண்கூட வராத துண்டுப் பூ.

அவர் அதை முழங்கையில் வைத்து அளக்கவில்லை. நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். பில் அடிக்கத் தொடங்கியிருந்த வேலுத்தாயின் தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அந்தத் துண்டுப் பூவைப் பின்னலின் தொடக்கத்தில் செருகி, சாய்ந்திருக்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு மறுபடியும் கிட்டே வந்து நேராக்கினார்.